மூன்று கட்டையும் நாலு கட்டையும்

பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜண்ட் பெப்பர்' இசைத்தட்டு 1967 மே மாதக் கடைசியில் பிரிட்டனில் கடைக்கு வந்தபோது, ஒரே அட்டைப்படத்தோடு இரண்டு தட்டுகளாக வந்தது. பி.எம்.சி. 7027 என்ற எண் போட்டது மோனோ. பி.சி.எஸ். 7027 என்றது ஸ்டீரியோ. இரண்டிலும் அதே பாட்டுகள், அதே வரிசை. ஆனால் முதல் பக்கத்தில் இருக்கும் 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாட்டை ஆர்மோனியத்தோடு வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஸ்டீரியோ தட்டில் சுருதி மூன்று கட்டை. மோனோ தட்டில் நாலு கட்டை.

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. அதனால் வித்தியாசம் அரை ஸ்வரம்தான். ஆனால் டேப்பை வேகமாக ஓட்டித்தான் சுருதியைக் கூட்டியிருக்கிறார்கள் என்பதால் பாட்டின் நடையும் கூடவே மாறிவிடுகிறது. விடியற்காலையில் வீட்டைவிட்டுப் போகும் ஒரு பெண்ணையும், அவளைத் தேடும் பெற்றோரையும் பற்றிய பாட்டு அது. மூன்று கட்டையில் கேட்டால் பெற்றோரின் துக்கம் தேங்கி நிற்கிறது. நாலு கட்டையில் அந்தப் பெண்ணின் அவசரம் முன்னே வருகிறது. குரல் இளமையாகிறது, ஹார்ப்பின் தந்திகள் கொஞ்சம் துள்ளுகின்றன. முதல்முறை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, இத்தனை வருடம் நான் கேட்டது இந்தப் பாட்டின் ஒரு பாதியைத்தானா என்று திகைத்துப் போனேன்.

மோனோ என்றால் பழசு, குறைபட்டது; ஸ்டீரியோ என்றால் புதுசு, முழுசு என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் வண்ணப் படத்துக்கும் உள்ள உறவு போல. 1960களின் தட்டுகளைப் பொறுத்தவரை இந்த எண்ணம் தவறு. அவற்றில் மோனோவும் ஸ்டீரியோவும் ஒரே நாடகத்தின் இரண்டு மேடையேற்றங்கள் மாதிரி. ஏன் அப்படி என்று புரிய, முதலில் தட்டுக்குள் போக வேண்டும்.

இசைத்தட்டின் மேல் ஓடும் அந்த மெல்லிய கோடு உண்மையில் 'வி' எழுத்து வடிவில் உள்ள ஒரு பள்ளம். மோனோ தட்டில் அந்தப் பள்ளம் இடமும் வலமுமாக, பாம்பு போல நெளிந்து போகும். ஊசியும் பக்கவாட்டில் மட்டும் ஆடும். ஸ்டீரியோவில் பள்ளத்தின் இரண்டு சுவர்களும் தனித்தனியே பேசுகின்றன. தட்டின் நடுவுக்கு அருகில் உள்ள உட்சுவரில் இடது ஸ்பீக்கருக்கான ஒலி, வெளிச்சுவரில் வலது ஸ்பீக்கருக்கானது. ஒவ்வொரு சுவரும் 45 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே ஒலி வந்தால் ஊசி பக்கவாட்டில் ஆடும், மோனோவில் ஆடியது போலவே. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் வரும்போதுதான் அது மேலும் கீழும் அசையும். ஒற்றை ஊசி, ஒற்றைப் பள்ளம், இரண்டு ஒலி. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இதில் வியப்பு அடங்குவதில்லை.

இந்த வித்தையை எழுதி வைத்தவர் ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை செய்தவர். சினிமா பார்க்கப் போன இடத்தில், திரையின் ஓர் ஓரத்தில் நிற்கும் நடிகரின் குரல் வேறு எங்கிருந்தோ வருகிறதே என்று அவருக்கு உறுத்தியது என்பார்கள். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1934 ஜனவரியில், லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய மொத்ஸார்ட் சிம்பொனியை இந்த முறையில் பதிந்தும் காட்டினார். உலகம் அப்போது தயாராக இல்லை. பிளம்லைன் 1942இல், போர்க்கால ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து, 38 வயதில் இறந்துபோனார். ஸ்டீரியோ எல்.பி. தட்டுகள் பொதுவில் விற்பனைக்கு வந்தது 1958இல்.

வந்தவுடன் எல்லோரும் அதற்கு மாறிவிடவில்லை. 60களின் பிரிட்டனில் ஒரு பள்ளி மாணவியிடம் இருந்தது, மூடியைத் திறந்தால் ஒற்றை ஸ்பீக்கரோடு பாடும் டான்செட் போன்ற சூட்கேஸ் பிளேயர். ரேடியோவும் ஒற்றை ஒலிதான். ஸ்டீரியோ என்பது வரவேற்பறையில் பெரிய கருவி வைத்து சிம்பொனி கேட்கும் வசதி படைத்தவர்களின் பொருள். ஆகவே பாப் இசைக் குழுக்கள் தங்கள் உழைப்பையெல்லாம் மோனோவில்தான் கொட்டின. 'சார்ஜண்ட் பெப்பர்' மோனோ மிக்ஸிங் நடந்தபோது பீட்டில்ஸ் நால்வரும் கூடவே இருந்து, இது கூட வேண்டும், அது குறைய வேண்டும் என்று சொல்லிச் செய்தார்கள். ஸ்டீரியோவை அவர்கள் இல்லாமலே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் பின்னால் சீக்கிரமாக முடித்தார்கள்.

மிக்ஸிங் என்றால் இன்று கணினியில் செய்து, சேமித்து, நாளை திறந்து மறுபடி திருத்துகிற வேலை. அன்று அது ஒரு கச்சேரி. நாலு டிராக் டேப் ஓடும். குரலுக்கு ஒன்று, டிரம்ஸுக்கு ஒன்று என்று ஒவ்வொரு டிராக்கிலும் என்னென்னவோ அடைத்து வைத்திருப்பார்கள். பாட்டு ஓடும் மூன்று நிமிடமும் ஆட்கள் மேசையின் குமிழ்களைக் கையால் ஏற்றி இறக்குவார்கள். இந்த இடத்தில் கிதார் மேலே, இங்கே எதிரொலி, இங்கே கூட்டத்தின் சத்தம் என்று எல்லாம் நினைவிலும் கையிலும். தப்பினால் முதலிலிருந்து. முடிவில் ஓடிய டேப்பே இறுதி வடிவம். அதே வேலையை ஒரு வாரம் கழித்து ஸ்டீரியோவுக்காகச் செய்தால், அது இன்னொரு கச்சேரி. ஒரே வித்வான் ஒரே ராகத்தை இரண்டு நாள் பாடினால் இரண்டும் ஒன்றாகவா இருக்கும்?

போதாததற்கு, பல விசேஷ ஒலிகளைப் பதிவின்போது அல்ல, மிக்ஸிங்கின்போதுதான் சேர்த்தார்கள். 1966இல் ஆபி ரோடு பொறியாளர் கென் டவுன்செண்ட் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். பாடகரின் குரலை இரண்டாவது டேப் கருவிக்கும் அனுப்பி, அதன் வேகத்தைக் கையால் லேசாக அசைத்து, நூலிழை தாமதத்தோடு மூலத்துடன் சேர்ப்பது. ஒருவரே இரண்டு முறை பாடியது போலக் கேட்கும். அசைப்பு கையால் என்பதால் ஒவ்வொரு முறையும் அது வேறு. 'லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்' மோனோவில் ஜான் லென்னனின் குரல் நீருக்கடியில் சுழல்வது போல இருக்கும். ஸ்டீரியோவில் அந்தச் சுழற்சி மிகவும் மட்டு. அந்தப் பாட்டின் கனவுத்தன்மை மோனோவில்தான் முழுதாகக் கிடைக்கிறது என்பது என் முடிவு.

இதற்கெல்லாம் சிகரம் 'ஐ ஆம் த வால்ரஸ்'. 1967 செப்டம்பர் 29 அன்று மோனோ மிக்ஸிங் செய்கையில், ஒரு ரேடியோவை மேசையில் இணைத்து, அந்த நேரத்தில் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்ததைப் பாட்டுக்குள் அப்படியே விட்டார்கள். பி.பி.சி.யில் அன்று ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகம். பாட்டின் கடைசியில் முணுமுணுப்பாகக் கேட்கும் பேச்சு அதுதான். ஆனால் அது நாலு டிராக் டேப்பில் இல்லை. மோனோ டேப்பில் மட்டும் இருக்கிறது. பிறகு ஸ்டீரியோ செய்ய உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஒலிபரப்பைத் திரும்ப எங்கிருந்து கொண்டுவருவது? முதல் பாதியை உண்மையான ஸ்டீரியோவாகச் செய்துவிட்டு, மீதிக்கு மோனோ டேப்பையே ஒட்டி, கனத்த ஒலிகளை ஒரு பக்கமும் மெல்லிய ஒலிகளை மறுபக்கமும் பிரித்து ஸ்டீரியோ போலக் காட்டினார்கள். பாட்டு சுமார் இரண்டு நிமிடம் ஓடியதும், விரிந்து கிடந்த ஒலி சட்டென்று சுருங்குவதைக் கூர்ந்து கேட்பவர்கள் பிடித்துவிடலாம்.

அதற்கும் முந்தைய தட்டுகளில் இன்னொரு விசித்திரம். 1963இல் வந்த முதல் எல்.பி. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ', இரண்டே டிராக்கில் பதியப்பட்டது. ஒன்றில் குரல், ஒன்றில் வாத்தியம். குரல் தூக்கலாக இருக்கிறதா, வாத்தியம் தூக்கலாக இருக்கிறதா என்று பின்னால் சரிபார்த்து மோனோவாகச் சேர்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. அதை அப்படியே இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுத்ததுதான் ஸ்டீரியோ பதிப்பு. பாடுபவர்கள் அறையின் ஒரு மூலையில், டிரம்ஸும் கிதார்களும் எதிர் மூலையில். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு காதில் குழு, ஒரு காதில் குரல். அந்த நாளைய குழுவின் வேகம், ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டு வாசித்த நெருக்கம், மோனோவில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) கதை வேறு. அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது கேட்காது. அவர் உலகத்தைக் கேட்டதே மோனோவில். வாத்தியங்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரு டேப்பில் பதிந்து, அதை ஒற்றை டிராக்காகச் சுருக்கி இன்னொரு டேப்பில் ஏற்றி, மிஞ்சிய டிராக்குகளில் குரல்களை அடுக்கினார். ஒரு சைக்கிள் மணியும் ஒரு பாஸ் கிதாரும் ஒரு அக்கார்டியனும் கலந்து, எந்த வாத்தியம் என்று பெயர் சொல்ல முடியாத ஒரு புது ஒலியாக ஆவதுதான் அவர் தேடியது. ஸ்டீரியோ கேட்ட வாடிக்கையாளர்களுக்காக கேபிடல் நிறுவனம் 'டுவோஃபோனிக்' என்ற பெயரில் மோனோவையே வடிகட்டி, ஒரு பக்கத்தைச் சற்றுத் தாமதித்து விற்றது. கழுவிய காப்பி போன்ற ஒலி அது. உண்மையான ஸ்டீரியோ செய்ய வேண்டுமானால் வாத்திய டேப்பையும் குரல் டேப்பையும் இழை பிசகாமல் சேர்ந்து ஓட்ட வேண்டும். 1990களில் டிஜிட்டல் கருவிகள் வந்த பிறகே அது முடிந்தது, 1997இல் வெளியானது. கலந்திருந்த வாத்தியங்களெல்லாம் அதில் தனித்தனியே தெரிகின்றன. கற்றுக்கொள்ள அருமையான பதிப்பு. உருகிக் கேட்க நான் மோனோவுக்குத்தான் திரும்புகிறேன்.

எப்போதும் மோனோதான் உயர்ந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) போன்ற ஜாஸ் தட்டுகளில், ஒரே அறையில் சேர்ந்து வாசித்தவர்களின் இடங்களை ஸ்டீரியோ அப்படியே பரப்பிக் காட்டுகிறது. நடுவில் டிரம்பெட், ஆளுக்கொரு பக்கமாக இரண்டு சாக்ஸஃபோன்கள். அவர்களுக்கு நடுவே உள்ள காற்றும் கேட்கிறது. பிங்க் ஃபிளாய்டின் முதல் தட்டில் 'இண்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' முடிகிற இடத்தில் ஒலி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசிவீசி ஓடும்; மோனோவில் அந்த அனுபவம் கிடையாது. 1968இல் வந்த பீட்டில்ஸின் வெள்ளை அட்டை இரட்டைத் தட்டில், 'ஹெல்டர் ஸ்கெல்டர்' மோனோவில் தேய்ந்து முடிந்துவிடும். ஸ்டீரியோவில் தேய்ந்த பாட்டு மறுபடி எழுந்து வரும். கடைசியில், வாசித்து வாசித்து விரலெல்லாம் கொப்புளம் என்று ரிங்கோ ஸ்டார் அலறுவதும் அதில்தான்.

அந்தத் தட்டோடு, எல்.பி.களுக்கென்று அவர்கள் செய்த தனி மோனோ மிக்ஸிங் முடிவுக்கு வந்தது. அடுத்து வந்த 'எல்லோ சப்மரின்' மோனோ, ஸ்டீரியோவின் இரண்டு பக்கத்தையும் சும்மா கூட்டி எடுத்தது. 1969இன் 'ஆபி ரோடு' பிரிட்டனில் ஸ்டீரியோவாக மட்டும் வந்தது. இப்படிக் கூட்டி எடுத்த மோனோவுக்குப் பின்னால் எந்த யோசனையும் இல்லை. நடுவில் வைத்த குரல் இரண்டு பக்கத்திலும் இருப்பதால், கூட்டும்போது ஓரத்தில் உள்ளவற்றை அமுக்கிக்கொண்டு தூக்கலாக வரும். ஆகவே பழைய தட்டு வாங்கப் போகிறவர் அட்டையில் மோனோ என்று இருப்பதை மட்டும் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். தனியாகக் கலந்ததா, கூட்டியதா என்று விசாரிப்பது நல்லது.

ஒப்பிட்டுக் கேட்பதற்குப் பெரிய வசதி தேவையில்லை. இரண்டு பதிப்பின் சத்தத்தையும் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கூடியது எதுவானாலும் காதுக்கு நன்றாகவே தோன்றும். மோனோவை ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள். முடிந்தால் ஒற்றை ஸ்பீக்கரில், அறைக்குள் நடமாடிக்கொண்டு கேளுங்கள். ஸ்டீரியோ ஊசியில் மோனோ தட்டு தாராளமாக ஓடும். ஆனால் முன்னே சொன்ன மேல் கீழ் அசைவில், அந்தத் தட்டைப் பொறுத்தவரை, இசையே இல்லை. அங்கே இருப்பது தூசி, கீறல், மோட்டாரின் உறுமல். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இரண்டு பக்கமும் கூடியதும் அந்த மேல் கீழ்ச் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். எம்.எஸ்.வி. காலத்துத் தமிழ்ப் பாட்டுத் தட்டுகளும் பெரும்பாலும் மோனோதான். வீட்டில் இருந்தால் அவற்றிலும் இதைச் செய்து பாருங்கள், பின்னணியில் பொரியும் சத்தம் ஓரளவு அடங்கும். தலைகீழாக மட்டும் செய்துவிட வேண்டாம். மேல் கீழாக அசையாத பழைய மோனோ கார்ட்ரிட்ஜில் ஸ்டீரியோ தட்டை ஓட்டினால், ஊசி பள்ளத்தை உழுதுவிடும்.

2014இல் பீட்டில்ஸின் மோனோ தட்டுகள் எல்லாம், டிஜிட்டல் எதுவும் குறுக்கிடாமல் பழைய டேப்புகளிலிருந்தே வெட்டப்பட்டு மறுபடி எல்.பி.யாக வந்தன. 'சார்ஜண்ட் பெப்பர்' ஐம்பது வயதைத் தொட்ட 2017இல், ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் அதற்குப் புதிதாக ஒரு ஸ்டீரியோ கலவை செய்தார். அப்பா அவசரத்தில் முடித்த ஸ்டீரியோவை அவர் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளவில்லை. நால்வரும் கூட இருந்து செய்த மோனோவைத்தான் பக்கத்தில் வைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்தார். அந்தப் பதிப்பில் 'ஷீஸ் லீவிங் ஹோம்' நாலு கட்டையில் ஒலிக்கிறது.