தீவகத்து வீடுகளில் குழாய் வேலை

யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பண்ணைத் தாம்போதி வழியாகத் தரைமார்க்கம் உண்டு. நயினாதீவுக்கோ குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். நெடுந்தீவுக்கு அதே துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பிரயாணம். ஆகவே, அரை அங்குலக் குழாயொன்றின் வாஷர் தேய்ந்த நாளில், தொழில் தெரிந்தவர் ஊரில் அகப்படாவிடில், அந்தச் சிறு துண்டு ரப்பரை மாற்றுவதற்கென ஒருவரைக் கடல் கடந்து வரவழைப்பதைக் காட்டிலும் வீட்டுக்காரரே ஸ்பனரைக் கையில் எடுப்பது விவேகம் என்று தீவகத்தாருக்கு உபதேசிக்க வேண்டியதில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதே விஷயம்.

அதற்குமுன் தண்ணீரின் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். சுண்ணாம்புக் கல்லின் துவாரங்களூடே இறங்கிய மாரிமழை, தன்னிலும் பாரமான கடல்நீரின்மேல், பாலின்மேல் ஆடைபோல மிதந்து நிற்பதே இங்குள்ள நன்னீர். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்திலும் ஓரடி உயர்ந்திருந்தால் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணக்கிட்டவர்களுள் ஒருவர் கைபன் என்னும் ஒல்லாந்துப் பொறியியலாளர். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்று தம் ஊர்ப்பெயரைச் சூட்டிச் சென்றவர்களின் தேசத்தார் என்பது தற்செயலே. அக்கணக்கை மறுபுறம் திருப்பினால் அச்சந் தருவது: மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழே 40 அடி போய்விடும், மோட்டரை ஓயாமல் ஓடவிட்டால் கிணறு சவராகும்.

நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டும் குழாய் ஒருநாளில் 86,400 துளிகளைச் சிந்துகிறது. மில்லிலீற்றருக்கு 20 துளி என்று கொண்டால் 4 லீற்றருக்குச் சற்று அதிகம். இதனால் கிணறு கெட்டுவிடாது. ஆயினும் பவுசர் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் அது ஒருவர் நாள் முழுதும் குடிக்கும் தண்ணீர். கிணற்றைக் கெடுப்பது, மோட்டரை ஓயாமல் ஓடவைக்கும், மண்ணுக்குள் மறைந்த குழாய் வெடிப்பு. இரவில் எல்லாக் குழாய்களையும் பூட்டி, தாங்கியின் நீர்மட்டத்தை அடையாளமிட்டு, காலையில் மட்டம் இறங்கியிருக்கக் கண்டால், களவு எங்கோ நடக்கிறது என்று நிச்சயிக்கலாம்.

இனி, பகைவன் உப்பு. பழைய நாகமுலாமிட்ட இரும்புக் குழாய் உள்ளே துருவேறி அடைபடும். பித்தளையும் தப்புவதில்லை, உவர்நீர் அதிலுள்ள நாகத்தை மெல்லக் கரைத்துவிட, எஞ்சும் செம்பு இளஞ்சிவப்பாய்த் துளைபட்டு, ஒருநாள் ஸ்பனரின் பிடியிலேயே நொறுங்கும். பழங்குழாயைப் பலவந்தமாகத் திருகுகிறவர் சுவருக்குள்ளிருக்கும் பகுதியையும் முறித்துவைப்பது இப்படித்தான். ஆகவே முதலில் தாங்கியின் வால்வைப் பூட்டிவிட்டு, மூட்டிலே சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரவு பொறுத்திருப்பது உத்தமம். குழாய் வாயிலும் குளியலறைப் பூவாளியிலும் படியும் வெள்ளைச் சுண்ணாம்புக்கு ஸ்பனர் எதற்கு? வினாகிரியில் ஊறவைத்தால் நுரைத்துக் கரைந்துபோகும்.

15 அடி உயரத்துத் தாங்கி தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆறரை இறாத்தலளவே. பட்டணத்து மாடிவீடுகளில் உள்ளது போன்ற அழுத்தமன்று. புதிதாய்ப் பழகுகிறவர் போட்ட மூட்டும் இங்கே நிற்பதன் இரகசியம் அதுதான். இருந்தாலும் பி.வி.சி. குழாயை ஒட்டும்போது இரு முகங்களையும் துடைத்து, ஈரமில்லாமல் உலர்த்தி, பசை பூசி, கால்சுற்றுத் திருப்பிச் செருகிச் சற்றுநேரம் அமுக்கிப் பிடித்து, ஒருநாள் தண்ணீர் விடாமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்துபார்க்கும் ஆவலே பாதி வேலைகளைக் கெடுக்கிறது. வெயில் படும் குழாய் காலத்தில் நொறுங்கும் என்பதால் அதை மண்ணிலோ சுவர் நிழலிலோ மறைத்துவிடுவது நன்று.

மோட்டர் இரைந்தும் தண்ணீர் ஏறாதபோது யந்திரத்தைப் பிரிக்க ஓடுவார்கள் பலர். பெரும்பாலும் குற்றம் கிணற்றுக்குள் கிடக்கும் புட்வால்வில் இருக்கும். மணலோ சிப்பித்துண்டோ சிக்கினால் அது மூடாது, குழாயிலுள்ள நீர் வடிந்துவிடும். குழாயை மேலே இழுத்துக் கழுவி, நீர் ஊற்றி நிரப்பினால் மோட்டர் மறுபடி இறைக்கும். நயினாதீவுக் கோயிலின் ஆனித் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து, வருஷக்கணக்காய்ப் பூட்டியிருந்த வீட்டைத் திறக்கிறவர்களுக்கு இந்த அனுபவம் புதியதன்று.

ஆனால் மோட்டரின் மின்னிணைப்பை, ஈரக் கையோடு, 230 வோல்ற்றோடு, கற்றுக்கொள்ள முயலாதீர்கள். அதற்குப் படகுக் கூலி கொடுத்தாவது தெரிந்தவரை அழைப்பதே சரி. வாஷர், திருகுபுரியில் சுற்றும் ரேப், பசை, அரை அங்குல மூட்டுகள், உபரியாக ஒரு புட்வால்வு ஆகியவற்றை வீட்டில் ஒரு பெட்டியில் வையுங்கள்; புதுவீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு வைக்குமாறு மேசனிடம் வற்புறுத்துங்கள்.