பட்டியலில் இல்லாதவர்களை எப்படி எண்ணுவது?

காணாமலாக்கப்பட்டோரின் போராட்டக் கொட்டகை ஒன்றில் அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "எத்தினை தரம் பிள்ளை பதியிறது?" அந்தக் கேள்விதான் என்னைப் புள்ளிவிபரவியல் பக்கம் கொண்டுபோனது.

இறுதி யுத்தம் பற்றி நாம் அதிகம் சொல்லும் எண் 146,679. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் முன்வைத்தது. அது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவுகள் காட்டிய 429,059 பேரில், அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்த 282,380 பேர் போக மீதி.

இன்னொரு வழி, பட்டியல்களை ஒப்பிடுவது. ஒரு பட்டியலில் 100 பெயர்கள், வேறொருவர் தயாரித்ததில் 80, இரண்டிலும் 40 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பட்டியலில் பாதிப் பேர் முதலாவதிலும் இருக்கிறார்கள். அப்படியென்றால் முதலாவது பட்டியல் மொத்தத்தில் பாதியைப் பிடித்திருக்கலாம். மொத்தம் சுமார் 200. பெயர் பதியப்பட்டவர்கள் 140. மீதி 60 பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பொதுப் பெயர்கள் 10 மட்டுமே என்றால் மொத்தம் 800 ஆகிவிடும்.

பெருவின் உண்மை ஆணைக்குழு 2003இல் இந்த முறையில்தான் 69,280 பேர் இறந்ததாக மதிப்பிட்டது. பெயருடன் பதிவானவர்கள் 24,000க்கும் குறைவு. 2009 மே 17 முதல் 19 வரை முள்ளிவாய்க்காலில் சரணடைந்து காணாமலாக்கப்பட்டோர் சுமார் 500 பேர் என்ற 2018ஆம் ஆண்டு மதிப்பீடும் இப்படி வந்ததே.

ஆர் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். ஆனால் முதலில் தரவின் பரம்பலைப் பார்க்கவேண்டும். வயதுகளை வரைபடமாகக் கீறினால் 30, 35, 40இல் தூண்கள் உயர்ந்து நின்றால், பலர் வயதை மட்டாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். வயதை அப்படியே நம்பிப் பொருத்தினால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார்; மதிப்பீடு வீங்கும். ஒரு பட்டியலைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருந்தால் மதிப்பீடு சுருங்கும். இரண்டு பட்டியல்களை மட்டும் வைத்து இதைச் சோதிக்க முடியாது, மூன்றாவது வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இப்போது என்னால் பதில் சொல்லமுடியும். இரண்டாவது இடத்தில் பதிந்த பெயர் வீணாகவில்லை. பதிய ஆளே மிஞ்சாத குடும்பங்களை எண்ணுவதற்கு அதுதான் உதவுகிறது.