புகார் கொடுத்த பிள்ளைக்கு யார் காவல்?

"நீங்க என்ன ஆளுங்க?"

பிழைப்புக்காக எந்த ஊர் போனாலும் தமிழனை விடாமல் தொடர்ந்து வரும் கேள்வி இது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் தங்கவயலுக்கு வந்து நந்திதுர்க் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பலர், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே நொந்து போனவர்கள். வெள்ளைக்காரருக்கு பங்களா, தொழிலாளிக்கு லைன் வீடு என்றிருந்த காலத்திலேயே மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் நடந்தன. 1907-ல் அவர் சென்னையில் தொடங்கிய வார ஏட்டுக்கு இங்கே வாசகர்கள் இருந்தனர். பிறப்பைச் சொல்லி ஒருவனைத் தாழ்த்தக் கூடாது என்ற பேச்சு இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பெங்களூர் ரயிலை நம்பியே பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. அங்கே சாதியோடு மொழியும் சேர்ந்து கொள்கிறது. 2016 செப்டம்பரில் காவிரித் தகராறின்போது, முகநூலில் எழுதியதற்காக ஒரு தமிழ் மாணவரைப் பெங்களூரில் சில இளைஞர்கள் அடித்து மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அதைப் படம் பிடித்துப் பரப்பவும் செய்தார்கள். ஓரிரு நாளில் ராமேசுவரத்தில் ஒரு கன்னட ஓட்டுநருக்கு அதே அவமானம் நடந்தது. முதல் செய்தியைக் கேட்டுக் குமுறிய தகப்பனார்களில் எத்தனை பேர் இரண்டாவதையும் தம் பிள்ளைகளிடம் தவறு என்று சொல்லியிருப்பார்கள்?

நாங்குநேரி

2023 ஆகஸ்ட் 9. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதித் தொல்லை பொறுக்காமல் ஒரு பிளஸ் டூ மாணவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். விஷயம் பள்ளியில் புகாராயிற்று. அன்றிரவே தொல்லை கொடுத்தவர்கள் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. மறு ஆண்டு அந்த மாணவன் 600-க்கு 469 மதிப்பெண் வாங்கினான் என்பது தனிக் கதை.

அரசு நியமித்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது என்றெல்லாம் அதில் யோசனைகள் உண்டு. எல்லாம் சரிதான். ஆனால் புகார் கொடுத்ததற்கும் அரிவாள் வந்ததற்கும் இடையே இருந்த சில மணி நேரம்தான் பெற்றோர் கவனிக்க வேண்டியது. இரு தரப்பையும் நிற்க வைத்துக் கைகுலுக்கச் சொல்லி அனுப்புவது பல ஆசிரியர்களின் வழக்கம். அடிபட்டவனுக்கு அது இன்னொரு அடி. முதலில் அவனுக்குத் துணை வேண்டும், வீடு போய்ச் சேரும் வரை. விசாரணையும் சமாதானமும் பிறகு.

மார்க்கு பயம்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில ஆஸ்டின் நகரில், கறுப்பு, வெள்ளை, மெக்சிகோ வழிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்தபோது ஓயாத சண்டை. 1971-ல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி கண்டார். ஐந்தாறு பேருக்கு ஒரு குழு. பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொரு பகுதி கொடுத்து, அதை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். பரீட்சையோ முழுப் பாடத்துக்கும். பக்கத்துப் பையனைக் கேலி செய்து வாயடைத்தால் நஷ்டம் தனக்கே என்று பிள்ளைகள் சீக்கிரம் புரிந்து கொண்டார்கள். உபதேசம் செய்யாததை மார்க்கு பயம் செய்தது! தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசும் பிள்ளைகள் கலந்திருக்கும் தங்கவயல் வகுப்புகளுக்கு இது பைசா செலவில்லாத ஏற்பாடு.

வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. கனடாவின் டொராண்டோ பள்ளித் திடல்களில் நடத்தி 2001-ல் வெளியான ஆய்வின்படி, தொல்லை நடந்த நூற்றில் 88 தடவை மற்றப் பிள்ளைகள் கூடவே இருந்தார்கள். தடுத்தது 19 தடவைதான். தடுத்தபோதோ, பாதிக்கு மேல் பத்து விநாடிக்குள் தொல்லை நின்றுவிட்டது. "டேய், விடுடா" என்ற ஒரு சொல் போதும். கையில் ஆயுதம் இருந்தால் மட்டும் குறுக்கே போகாமல் ஆசிரியரைக் கூப்பிட ஓட வேண்டும்.

பிள்ளை வாய் திறந்து சொன்னால், "நீ என்னடா பண்ணினே?" என்று தொடங்காமல் முழுதும் கேட்பது நல்லது. சொன்ன வார்த்தை, தேதி, உடனிருந்தவர்கள் பெயர் ஆகியவற்றை எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கி வைக்கவும். மாணவரை மனதளவில் துன்புறுத்துவதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. ஆசிரியரே சாதி சொல்லித் திட்டினாலும் இதைக் காட்டலாம். பள்ளி அசையாவிட்டால் 1098 என்ற எண்ணுக்குப் பிள்ளையே பேசலாம், கட்டணமில்லை.