நெடும்பயணத்திற்கு ஏற்ற மிதிவண்டி எது?

நமது சங்க மலரில் இலக்கியம், கல்வெட்டு, கோயிற்கலை என்று கட்டுரைகள் வருவது வழக்கம். அடியேனும் இதுவரை சமண நூல்களைப் பற்றித்தான் எழுதி வந்திருக்கிறேன். இம்முறை மலர்க்குழுவினர் சைக்கிளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருகிற குளிர்காலத்தில் கல்கத்தாவிலிருந்து சென்னைக்குச் சைக்கிளிலேயே போவதாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பெண்பிள்ளைகள். பெற்றோர்கள் கரியாஹாட்டில் என் பாத்திரக் கடைக்கு வந்து, "நயினார் மாமா, எந்த சைக்கிள் வாங்கிக் குடுக்கறது? ஒருத்தன் ஒண்ணு சொல்றான், இன்னொருத்தன் வேற சொல்றான்" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடுவது நல்லது.

நான் என்ஜினியர் அல்லன். மேல்சித்தாமூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவன். வந்தவாசி, பொன்னூர் மலை என்று சுற்றியவன். இங்கு வந்தபின் டைமண்ட் ஹார்பர், திகா, ஒருமுறை பூரி வரைக்கும் போய் வந்திருக்கிறேன். மற்றதெல்லாம் படித்தும், சைக்கிள் கடை மிஸ்திரிகளிடம் கேட்டும் அறிந்தவை.

முதலில் இந்த ஊரின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். உலகத்தைச் சைக்கிளில் முதன்முதலாகச் சுற்றி வந்த தாமஸ் ஸ்டீவன்ஸ், 1884-இல் சான்பிரான்சிஸ்கோவில் புறப்பட்டவர், 1886-இல் லாகூரிலிருந்து கிராண்ட் டிரங்க் ரோடு வழியாகக் கல்கத்தாவுக்குத்தான் வந்து சேர்ந்தார். இங்கிருந்து கப்பலேறிச் சீனாவுக்குப் போனார். அவர் ஓட்டியது முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் சாண் உயரம் என்ற பழைய வண்டி. அதில் செயின் கிடையாது, கியர் கிடையாது. அடுத்து நம் வங்காளிகள். விமல் முகர்ஜி 1926 டிசம்பரில் மூன்று தோழர்களுடன் கல்கத்தாவிலிருந்து கிளம்பினார். கடைசிவரை சுற்றி 1937-இல் திரும்பியவர் அவர் ஒருவரே. 'து சாகாய் துனியா', அதாவது 'இரு சக்கரத்தில் உலகம்' என்ற அவருடைய நூலை வங்காளம் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும். சில்ஹெட் பக்கத்து ராம்நாத் விஸ்வாஸ் 1931-இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டார்.

இவர்களைப் பற்றிச் சொன்னதும், "அப்போ எந்த சைக்கிளா இருந்தாலும் போகலாமே?" என்று கேட்கத் தோன்றும். போகலாம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் காலத்து வண்டி எந்த ஊர்க் கருமான் பட்டறையிலும் நிமிர்த்தக்கூடியதாக இருந்தது. இன்றைய வண்டிகள் அப்படி இல்லை. ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: நெடும்பயணத்துக்கு நல்ல சைக்கிள் என்பது, உங்கள் உடம்புக்குப் பொருந்துவதும், சுமையோடு நேராக ஓடுவதும், பத்ரக்கிலோ ஸ்ரீகாகுளத்திலோ நின்றுபோனால் அந்த ஊர்ச் சாமானை வைத்தே ஓட்டிவிடக் கூடியதுமான சைக்கிள். கடையில் முதலில் காட்டுவது எடை குறைவையும் கியர் எண்ணிக்கையையும். அவை இரண்டும் பந்தயத்துக்குப் பெரிய விஷயம், நமக்கு அப்புறம்தான்.

உடம்புப் பொருத்தத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பாதி வழியில் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான் வருகிறார்கள். சட்டத்தின் மேல்பாருக்கு இருபுறமும் காலை ஊன்றி நின்றால், பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் முழுவதும் நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே சற்று மடங்கும். சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மிதித்தால் நூறு கிலோமீட்டரில் முழங்கால் சொல்லிவிடும். இவையெல்லாம் ஓரளவு தெரிந்தவை. பலரும் பார்க்காதது நீளம். சீட்டிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு தூரம்? எட்டிப் பிடித்தால் பாரம் எல்லாம் உள்ளங்கையில் இறங்கும். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகும். சிலருக்கு வாரக்கணக்கில் சரியாவதில்லை. பெண்பிள்ளைகளுக்கு இதைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். கடைகளில் இருப்பவை பெரும்பாலும் ஆண்கள் அளவுக்கு வார்த்த சட்டங்கள். "சீட்டை இறக்கிட்டா சரியாயிடும்மா" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். உயரம் சரியாகும், நீளம் சரியாகாது. ஒரு சைஸ் சிறிய சட்டம்தான் மருந்து. 1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள், அதுவும் பார் வைத்த ஆண்கள் வண்டியிலேயே. ஐந்தாறு மைல் போய் வர அது போதும். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் வீதம் பதினைந்து நாளைக்கு மேல் போவதற்குப் போதாது.

ஹேண்டில்பார் வளைந்ததா நேரா என்று கேட்கிறார்கள். கையை மாற்றி மாற்றிப் பிடிக்க மூன்று நான்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. வளைந்த பாரில் அது இயல்பாகவே உண்டு. நேர்ப் பாருக்கு இரு முனையிலும் கொம்பு மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது சக்கரம். கையில் இருக்கும் பணத்தை முதலில் இதில் போடுங்கள் என்பது என் வியாபாரக் கணக்கு.

டயர் அளவில் ஒரு பெருங்குழப்பம் இருக்கிறது. நம் ஊர் பழைய கறுப்பு சைக்கிளுக்கு 28 அங்குல டயர் என்போம். இன்றைய கியர் வண்டிகளில் பலவற்றுக்கு 700சி என்ற டயர். அதையும் சிலர் 28 என்றே சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. கறுப்பு சைக்கிளின் 28க்கு ஒன்றரை டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மி.மீ.; 700சி-க்கு 622 மி.மீ. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். டியூப் ரப்பர், கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அவசரத்துக்குக் கறுப்பு சைக்கிள் டியூபை 700சி-யில் திணித்து ஓட்டலாம், ரிம் துளை இடம் கொடுத்தால். டயர் விளிம்பில் இருப்பது கம்பி, அது விட்டுக்கொடுக்காது. 26 அங்குலத்திலும் இதே கதை: மலைச் சைக்கிளின் 26-க்கு 559, பழைய சிறிய சைக்கிளின் 26க்கு ஒன்றேகாலரைக்கால், அதாவது ஒன்றும் எட்டில் மூன்றும், 590. எனவே அங்குலத்தைப் பார்க்காமல், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் இரட்டை எண்ணைப் பாருங்கள். 38-622 என்றிருந்தால் அகலம் 38 மி.மீ., ரிம் விட்டம் 622.

எதை வாங்குவது? பாதையைப் பார்க்க வேண்டும். ஹவுராவிலிருந்து கோலாகாட், கரக்பூர், பாலேஸ்வர், கட்டக், பிரம்மபூர், விசாகப்பட்டினம், விஜயவாடா, நெல்லூர் வழியாகச் சென்னை ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர். 2010-இல் எண்கள் மாறியபின் இன்று பெரும்பகுதி 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பெரிய நகரங்களில் 700சி கிடைத்துவிடும். இடைப்பட்ட சிற்றூர்களில் மலைச் சைக்கிளின் 26 டயரும், கறுப்பு சைக்கிளின் டயரும்தான் தொங்கிக்கொண்டிருக்கும். 700சி வண்டி வாங்கினால் மடித்து வைக்கக்கூடிய டயர் ஒன்று, டியூப் மூன்று, குழுவுக்குப் பொதுவாகவேனும் எடுத்துச் செல்லுங்கள். அகலம் 35-க்குக் குறைய வேண்டாம். 23, 25 என்று பென்சில் போன்ற டயர் போட்ட பந்தய வண்டிகள் பார்க்க அழகு. சுமையோடு ஒரு குழியில் இறங்கினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு ஓட்டை விழும்.

வால்வு சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது போன்ற தடித்த வால்வாக இருந்தால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். பந்தய வண்டியின் ஒல்லி வால்வுக்கு ஒரு பித்தளைத் திருகு வேண்டும். பத்து ரூபாய்ச் சாமான் போன்றதுதான், ஆனால் அது இல்லாவிட்டால் வண்டி உருட்டல்தான்.

போக்ஸ் கம்பி பின்சக்கரத்தில் 36 இருப்பது நல்லது, 32-க்குக் குறையக் கூடாது. பின்சக்கரத்தில், அதுவும் பல்சக்கரம் இருக்கும் பக்கத்தில்தான் கம்பிகள் ஒடியும். பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக அந்தப் பக்கக் கம்பிகளை நிமிர்த்தி, அதிக இழுவிசையில் கட்டியிருப்பார்கள். மூட்டையின் எடையும் அங்கேதான் விழுகிறது. நம் வட்டத்துப் பையன் ஒருவன் சென்ற முறை பூரிக்குப் புறப்பட்டவன், விலை உயர்ந்த இலேசான வண்டி, இருபதே கம்பி. பாலேஸ்வருக்கு அப்பால் இரண்டு ஒடிந்து, அந்தக் கம்பியின் வகை எங்கும் கிடைக்காமல், லாரியில் திரும்பினான். குறைந்த விலைக் கியர் வண்டிகளில் வேறொரு கோளாறு. பின்னால் திருகிப் பொருத்தும் ஃப்ரீவீல் என்றால், அந்தப் பக்கம் பால்ரஸ் உள்ளே தள்ளி இருக்கும். அச்சு தாங்கலின்றி நீட்டிக்கொண்டிருப்பதால் சுமையில் வளையும், ஒடியும். பல்சக்கரங்களைக் கோத்துச் செருகும் கேஸட் வகையில் பால்ரஸ் ஓரத்திலேயே இருக்கிறது. வாங்கும்போது "கேஸட்டா, ஃப்ரீவீலா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், கடைக்காரர் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

கியர் என்றதும் 21, 24, 27 என்று எண்ணுகிறார்கள். எண்ணிக்கையில் ஒன்றுமில்லை, மிகச் சிறிய கியர் எவ்வளவு சிறியது என்பதே கேள்வி. கணக்கு எளிது. கறுப்பு சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று; வண்டி ஐந்தரை மீட்டர் போகும். சமதரைக்கு மிகச் சரி. ஆனால் முன்னால் 26, பின்னால் 34 இருந்தால் ஒரு மிதிக்கு 1.7 மீட்டர்தான், மெதுவாக, மூச்சு வாங்காமல் மலை ஏறலாம். கடற்கரைச் சாலையில் இது அவ்வளவாகத் தேவைப்படாது. சிலிகுரியிலிருந்து 2,258 மீட்டர் உயரத்துக் கூம் ஸ்டேஷனுக்கோ, எழுபது வளைவுக் கொல்லிமலைக்கோ போகிறவர்களுக்கு இதுவே உயிர். பிரான்சில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவி, நெடும்பயணம் போகிறவர்களுக்குப் பல கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர், 1930-இல் மறைந்தார். டூர் தெ பிரான்ஸ் பந்தயக்காரர்கள் செயின் மாற்றும் கியரை அனுமதித்தது 1937-இல். பயணிகள் முந்திக்கொண்டார்கள், வீரர்கள் பின்னால் வந்தார்கள்! பின்னால் எட்டு அல்லது ஒன்பது பல்சக்கரம் போதும். பதினொன்று, பன்னிரண்டு என்றால் அதற்கேற்ற மெல்லிய செயின் வழியில் கிடைப்பது அரிது.

சட்டத்துக்கு எஃகுதான் என் கட்சி. அலுமினியமும் கெட்டதில்லை. கார்பன் வேண்டாம், விரிசல் கண்டால் வழியில் செய்வதற்கு ஒன்றுமில்லை, கேரியர் மாட்டத் துளையும் பெரும்பாலும் இருக்காது. அந்தத் துளைகளைப் பாருங்கள்: பின்னால் கேரியருக்கும் மட்கார்டுக்கும் தனித்தனியே வேண்டும். பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை 43 முதல் 46 சென்டிமீட்டர் இருந்தால், பக்கப் பைகளில் குதிகால் இடிக்காது, சுமையோடு வண்டி ஆடாது. முதுகில் பை மாட்டிக்கொண்டு போகவே கூடாது. எடையெல்லாம் தாழ்வாக, இரு பக்கமும் சமமாக.

பிரேக் டிஸ்க் ஆனாலும் ரிம் ஆனாலும், எண்ணெய் வைத்ததைவிடக் கம்பி இழுப்பது மேல். கம்பி எந்த ஊரிலும் உண்டு.

சீட்டைப் பற்றி ஒரு சொல், இது என் மனசுக்கு நெருக்கமானது. நெடும்பயணக்காரர்கள் இங்கிலாந்துத் தோல் சீட்டை, முக்கியமாக புரூக்ஸ் சீட்டைப் புகழ்வார்கள். இழுத்துக் கட்டிய தோல் நாளடைவில் உட்காருபவரின் எலும்புக்கேற்பப் பள்ளமாகிவிடும் என்பது உண்மையே. எம் போன்றோர் தோல் தொடுவதில்லை. அதற்காக வருந்த வேண்டியதில்லை. அதே கம்பெனி பின்னாளில் ரப்பரும் பருத்தித் துணியும் கொண்டு ஒரு வகை செய்தது, வேறு பலரும் செய்கிறார்கள். விலை கூடுதல். மெத்தென்ற ஜெல் சீட்டு கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சொர்க்கம், மூன்றாம் மணி நேரத்தில் நரகம். சற்றுக் கெட்டியாகவும், இடுப்பெலும்பு இரண்டும் பதியும் அகலத்திலும் இருக்க வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு, "கறுப்பு சைக்கிளிலேயே போனால் என்ன?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். இருபது கிலோ எடை, ஒரே கியர். அம்பத்தூர் ஹெர்குலிஸையும், இப்போது இல்லாத ஆசன்சோல் ராலேயையும் ஓட்டி வளர்ந்த நம் தலைமுறைக்கு அதில் பாசம் அதிகம். சென்னை வரை கடலோரமாகவே போகிறவர், நாளைக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் போதும் என்கிறவர், தாராளமாகப் போகலாம். சட்டத்தின் உயரம் மட்டும் சரியாக அமைய வேண்டும்.

வாங்குகிறவர்கள் பெண்டிங் ஸ்ட்ரீட் கடைகளை ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம். வாங்கிய வண்டியைப் புறப்படும் நாளில்தான் முதன்முதலாகச் சுமையேற்றி ஓட்டக் கூடாது. ஒரு மாதம் முன்பே பைகளில் உண்மையான எடையை வைத்து டைமண்ட் ஹார்பர் வரை போய், இரவு தங்கி, மறுநாள் திரும்புங்கள். இரண்டாம் நாள் காலையில் சீட்டில் ஏற மனம் வருகிறதா என்பதே சோதனை. அதன்பின் போக்ஸ் கம்பிகளை மிஸ்திரியிடம் மறுபடி இறுக்கச் சொல்ல வேண்டும். புதுச் சக்கரம் முதல் நூறு, இருநூறு கிலோமீட்டரில் சற்றுத் தளரும். நகருக்குள் சில பெரிய சாலைகளில் சைக்கிளுக்குத் தடை உண்டு. 2013-இல் 174 சாலைகள் என்றிருந்து பின்னர் குறைத்தார்கள். ஆகவே புறப்படும் வழியைப் போக்குவரத்துப் போலீசாரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விடியுமுன் கிளம்பி ஹவுரா பாலத்தைத் தாண்டிவிடுவது உத்தமம்.

திரும்பி வரும்போது வண்டியை ரயிலின் லக்கேஜ் வேனில் போடலாம். ரயில் புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே பார்சல் ஆபீசில் பதிந்து, பெடலைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் செயின் மாற்றும் கருவிக்கு அட்டையும் சாக்கும் சுற்றிக் கட்டுங்கள். மற்றவர் மூட்டைகள் அதன்மேல்தான் வந்து விழும்.