மறதியா, மூளையுறைக் கசிவா?

திருத்தணி மலையின் 365 படிகளில் ஒரு முதியவர் கால் இடறித் தலையை இலேசாக இடித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காயமில்லை, மயக்கமில்லை. சில வாரங்கள் கழித்து நடை தள்ளாடுகிறது, பெயர்கள் மறக்கின்றன. வீட்டார் 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறார்கள். ஆபத்து இங்கேதான்.

வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்கும், மண்டையோடு சுருங்காது. இடைவெளி கூடுவதால், மூளையிலிருந்து தடித்த வெளியுறைக்குச் செல்லும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. சிறு அதிர்ச்சியிலும் அவை அறுந்து இரத்தம் கசியலாம். தேங்கிய இரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளர்கிறது. அதன் நலிந்த நாளங்களும் கசிகின்றன. மண்டையோடு விரியாத பெட்டி, நீர்மமோ அமுங்காது. இடம் விட வேண்டியது மூளைதான்!

துளையிட்டு இரத்தத்தை வடிப்பதே முக்கிய சிகிச்சை. வடிகுழாயையும் சில நாள் வைத்தால் மீண்டும் தேங்குவது 24 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைவதை 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டிற்று.

துளையிடுவது எளிய பகுதி. நோயாளி இதயத்துக்காக இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்பவராயிருந்தால்? நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து, தொடர்ந்தால் மூளைக்கு. இதை ஒருவரே தீர்மானிப்பது சரியன்று. அறுவை மருத்துவர், மயக்கமருந்து நிபுணர், முதியோர் மருத்துவர், செவிலியர், இயன்முறைப் பயிற்சியாளர் ஆகியோர் கூடிச் செயல்படுவதற்கான நெறிமுறைகள் பிரிட்டனில் 2024-இல் வெளியாயின.

டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய சென்னைப் பொது மருத்துவமனை, திருத்தணியிலிருந்து சுமார் 85 கி.மீ. முதியவரை அங்கே கொண்டுசெல்லும்போது, விழுந்த நாள், உண்ணும் மாத்திரைகள், முன்பு எவ்வளவு நடந்தார் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.