வயிறு மெத்தென்று இருக்கும், வலி உயிரை எடுக்கும்

இஞ்சிவிளை, பாறசாலைப் பக்கத்தில் வயிற்றுவலி என்றால் முதலில் வரும் பெயர் 'கேஸ்'. பேசுகிறவர் தமிழரானாலும் மலையாளியானாலும் சொல் அதுதான். கொஞ்சம் சீரகவெள்ளம், கேட்காவிட்டால் மருந்துக்கடையில் ஒரு ஜெலுசில். பெரும்பாலும் அதோடு தீர்ந்தும் போகும். தீராத ஒரு வலியைப் பற்றியது இந்தக் கட்டுரை.

அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் தொப்புளைச் சுற்றித் திடீரென வலி. இருக்கவும் முடியவில்லை, கிடக்கவும் முடியவில்லை. ஒரு வாந்தி, ஒருமுறை வயிற்றோட்டம். டியூட்டி டாக்டர் அழுத்திப் பார்க்கிறார். வயிறு மெத்தென்று இருக்கிறது. அப்பெண்டிசைட்டிஸ் போல ஓரிடத்தில் குத்தவில்லை. குடலில் ஓட்டை விழுந்தால் வருகிற பலகை விறைப்பும் இல்லை. அம்மா மட்டும் துடிக்கிறார். கைக்குத் தெரிவது இவ்வளவு கொஞ்சம், வலி அவ்வளவு பெரிது என்ற இந்தப் பொருத்தமின்மைதான் குடலுக்கு ரத்தம் நின்றுபோனதன் முதல் அடையாளம். தவிப்பது குடல், வயிற்றின் உட்சவ்வு இன்னும் புண்படவில்லை. வயிறு விறைத்துக் கைக்குப் பிடிபடும் நேரத்தில் குடல் அழுகத் தொடங்கியிருக்கும்.

சும்மா இருக்கும்போதே இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செரிமான உறுப்புகளுக்குப் போகிறது. சிறுகுடலின் பெரும்பகுதியும் பெருங்குடலின் வலப்பாதியும் ஒரே தமனியை நம்பியிருக்கின்றன. அது பெருந்தமனியிலிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்து இறங்குவதால், இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்கட்டிக்குச் சறுக்குமரம் மாதிரி. முழுதாக அடைத்துவிட்டால், ஆறு மணி நேரத்துக்குமேல் குடலை மீட்பது கடினம்.

கட்டி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தாளம் தப்பித் துடிக்கும் இதயத்திலிருந்து. இந்தப் பக்கத்தில் சிறுவயதில் வாதக்காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள் உண்டு. அவர்கள் தேடிப்போகும் இடம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனை. மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே உருவான செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாதவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் உலோகச் சட்டத்தில் தட்டு ஆடும் வால்வு எதுவானாலும், ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் போன்ற மாத்திரையை ஆயுள்வரை விழுங்கவேண்டும், பி.டி. டெஸ்ட் எடுத்து ஐ.என்.ஆர். அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். சாதாரணமாக 1 இருக்கும் எண், மிட்ரல் வால்வு மாற்றியவருக்கு 2.5-லிருந்து 3.5-க்குள் நிற்கவேண்டும். கீரையைத் திடீரென அதிகம் சாப்பிட்டாலே எண் இறங்கும். கல்யாண வீட்டு அலைச்சலில் நாலு நாள் மாத்திரை விட்டாலும் இறங்கும்.

ஆகவே வயிற்றுவலிக்கு விடை வயிற்றில் இல்லை. மணிக்கட்டில் நாடி தாறுமாறாக ஓடுகிறதா, பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்த பி.டி. சீட்டுகளில் கடைசி எண் என்ன என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதிக்கு சி.டி. ஆஞ்சியோகிராம். கைநரம்பில் மருந்து ஏற்றிப் படமெடுத்தால் தமனி எங்கே அறுந்தாற்போல் நிற்கிறது என்பது சில நிமிடங்களில் தெரியும். சாதாரண ஸ்கேனில் குடல் காற்று மறைக்கும். எக்ஸ்ரே தொடக்கத்தில் ஒன்றும் காட்டாமலே போகலாம். ரத்தத்தில் லாக்டேட் ஏறியிருந்தால் சந்தேகம் பலப்படும். ஏறாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிரியாட்டினின் கூடியிருக்கிறதே, சிறுநீரகம் கெட்டுவிடுமே என்று படத்தைத் தள்ளிப்போடுவதும் உண்டு. குடல் போனபிறகு சிறுநீரகத்தைக் காப்பாற்றி யாருக்கு லாபம்?

படம் உறுதிசெய்தால் ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஹெப்பாரின், பிறகு கட்டியை எடுத்தல். 1951-இல் கனடாவில் கிளாஸ் என்ற அறுவை மருத்துவர் குடலை வெட்டாமல் கட்டியை மட்டும் எடுத்துக் காட்டினார். இன்று ரத்தக்குழாய் வழியாகவே உறிஞ்சி எடுக்கவும் முடிகிறது. இத்தனை இருந்தும் பிடிபட்டவர்களில் பாதிக்குமேல் இறக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் தாமதம்.

மெதுவாகக் குழாய் சுருங்கும் வகையும் உண்டு. சாப்பிட்டு அரைமணி நேரத்தில் வலி, அந்தப் பயத்தில் சோற்றைக் குறைத்தல், ஆள் மெலிதல். புற்றுநோயோ என்று தேடிக் களைத்தபின்தான் தமனியின் ஞாபகம் வரும்.

1956-இல் வரைந்த தமிழ்நாடு-கேரள எல்லை இங்கே வீடுகளுக்கு நடுவே ஓடுகிறது. நள்ளிரவில் வடக்கே நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரமா, தெற்கே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியா என்று வாசலில் விவாதம் நடக்கும். வண்டி கிளம்புமுன் போனில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இந்த நேரத்தில் சி.டி. ஆஞ்சியோ எடுப்பீர்களா? அந்தச் சீட்டுக் கவரை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.