காலிப் பெட்டியா, பெட்டியே இல்லையா?

ஒரு நிரல் இயங்கத் தொடங்கும்போது கணிப்பொறி சில பெயர்களையும் அவற்றின் மதிப்புகளையும் அதனிடம் ஒப்படைக்கிறது. இவையே சூழல் மாறிகள். யூனிக்ஸில் ‘ஹோம்’ என்ற மாறி, உங்கள் கோப்புகள் இருக்கும் இடத்தைச் சொல்லும்.

சி மொழியில் ‘கெட்என்வ்’ என்ற செயற்கூறு இந்த மதிப்பைத் தேடித் தரும். மாறி காலியாக இருந்தால் நீளம் 0 உள்ள சரம் கிடைக்கும். மாறியே இல்லையென்றால் எந்த இடத்தையும் காட்டாத வெற்றுச் சுட்டி கிடைக்கும். இரண்டும் ஒன்றல்ல! வெற்றுச் சுட்டியைச் சரமெனப் படிக்க முயன்றால் நிரல் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும்.

ஆகவே மாறியை நீக்கியும், காலியாக்கியும், மிக நீண்ட மதிப்பைக் கொடுத்தும் நிரலை இயக்கிப் பாருங்கள். 64 எழுத்துகளுக்கான இடத்தில் 1000 எழுத்துகளை அளவு பாராமல் நகலெடுத்தால் பக்கத்து நினைவகம் சிதையும்.

2014இல் ‘பாஷ்’ என்ற நிரலில் ‘ஷெல்ஷாக்’ எனும் ஓட்டை வெளிப்பட்டது. மாறியின் மதிப்பில் ஒளித்துவைத்த கட்டளைகளை அது அப்படியே நிறைவேற்றியது. வெளியிலிருந்து வருவதைச் சோதித்த பின்னரே நம்ப வேண்டும், அல்லவா?